வராதவர்களின் கணக்கு

பீடோங் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தில் மருத்துவப் பரிசோதனை முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலை எப்படி இருக்கும் என்பது கெடா மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கோயில் மண்டபத்தில் நான்கைந்து மேசைகள் போடப்பட்டிருக்கும். ஒன்றில் எடை பார்ப்பார்கள், இன்னொன்றில் ரத்த அழுத்தம், மற்றொன்றில் விரல் நுனியில் குத்தி இனிப்பு நீர் அளவு. கடைசி மேசையில் ஓர் இளம் மருத்துவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "அம்மா, கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்க" என்று சொல்லி அனுப்புவார். வெளியே வந்தால் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் சர்க்கரை தாராளமாகப் போட்ட மீலோவும் கையில் கிடைக்கும். மறுநாள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் படத்துக்குக் கீழே இத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று ஓர் எண் இருக்கும்.

அந்த எண் உண்மையில் எதைக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அது காட்டுகிறது. யாருக்காக அந்த முகாம் நடத்தப்பட்டதோ அவர்கள் வந்தார்களா, அழுத்தம் கூடியிருப்பதாகக் கண்டறியப்பட்டவர்கள் கிளினிக் வரை போனார்களா, போனவர்கள் ஆறு மாதம் கழித்தும் மருந்து எடுக்கிறார்களா என்பவை அந்த எண்ணுக்கு வெளியே நிற்கின்றன. சமூக அளவிலான நோய்த்தடுப்புத் திட்டங்கள் உலகின் பல பகுதிகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளன. சில வியக்கத்தக்க அளவில் வென்றிருக்கின்றன. பல, நடத்தியவர்களுக்கு மனநிறைவைத் தந்ததோடு சரி. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த வெளியே நிற்கும் கணக்கில்தான் இருக்கிறது.

நம்மவர்களுக்கு இது ஏன் அவசரமான கேள்வி என்பதற்குத் தேசிய சுகாதார, நோய் நிலை ஆய்வே போதும். 2019ஆம் ஆண்டின் ஆய்வில் மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மொத்த 18.3 விழுக்காட்டில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் விகிதம் 15.6 ஆகக் குறைந்தது. தெரியாமலேயே நோயுடன் இருந்தவர்களும் 5.9 விழுக்காட்டுக்கு இறங்கினர். ஆனாலும் இந்தியர்கள் முதலிடத்திலிருந்து இறங்கவில்லை.

மலாயாத் தோட்டங்களுக்கும் நோய்த்தடுப்புக்கும் உள்ள உறவு நீண்டது. 1901ஆம் ஆண்டு கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் என்ற இளைஞர், மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், அந்த அறிவைக் களத்தில் செயற்படுத்த முனைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், காய்ச்சலால் முடங்கிப்போகும் நிலையில் இருந்தது. வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்தார், காட்டை வெட்டினார், வாய்க்கால் அமைத்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். மறு ஆண்டு 59 பேர். அக்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்ட வெற்றி இது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பிய அம்பிரோசஸ் என்ற கொசுவினம் நிழலடைந்த தேங்குநீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டதும் அது ஒழிந்தது. மலைச்சரிவுத் தோட்டங்களில் இருந்த மாக்குலாட்டஸ் என்ற இனமோ வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது. அங்கே ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டியபோது காய்ச்சல் கூடியது. பால்மரக் கன்றுகளோடு சேர்ந்து கல்லறைகளும் பெருகின. ஓரிடத்தில் நோயை ஒழித்த அதே செயல் சில மைல் தள்ளி நோயை வளர்த்தது. எந்தக் கொசு, எந்த நீர் என்று இடத்துக்கு இடம் பார்த்தே செய்ய வேண்டும் என்ற முறை அங்கிருந்துதான் உருவானது. ஹெல்சிங்கியிலோ கோலாலம்பூரிலோ தயாரான ஒரு திட்டத்தை எழுத்து மாறாமல் தோட்டப்புறத்தில் இறக்குபவர்கள் இந்த இரண்டு கொசுக்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வாட்சனின் வெற்றியில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. அது தொழிலாளர்களிடம் எதையும் கேட்கவில்லை. வாய்க்கால் வெட்டினால் கொசு குறையும். அதற்கு யாரும் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் அன்றைய தோட்டம் கேட்கவில்லை, கட்டாயப்படுத்தியது. விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வேளையில், வரிசையாக நிற்கவைத்துக் கொயினா என்ற மலேரியா மருந்தை விழுங்கவைத்தார்கள். பெரட்டுக்கு வராதவரின் பெயர் கிராணி என்ற எழுத்தரின் ஏட்டில் விழுந்துவிடும். உடம்பு முடியவில்லை என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளரான டிரெசர், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கே வந்து பார்ப்பார். இது அன்பினால் செய்யப்பட்டதன்று. ஒரு நாள் ஆள் குறைந்தால் ஒரு நாள் பால் குறையும் என்ற கணக்கினால் செய்யப்பட்டது. எனினும் வராதவர் யார் என்று தெரிந்து, தேடிப்போகும் ஓர் ஏற்பாடு இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மக்கள் தாமாகவே தொடங்கிய நலவாழ்வு இயக்கமும் இந்த மண்ணிலேயே நடந்திருக்கிறது. அதைச் சுகாதாரத் திட்டமாக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பது வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் கெடாவின் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, பீடோங்கிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டது, ஏ. எம். சாமி அதன் தலைவர். இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்த்தும் அதில் பங்கேற்றும் வளர்ந்த இளைஞர்கள், கூலியில் பெரும்பங்கை விழுங்கிக்கொண்டிருந்த கள்ளுக்கடையின் முன் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு வருபவரைக் கண்டித்தார்கள், லயங்களின் தூய்மையைக் கவனித்தார்கள். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங் கள்ளுக்கடையின் முன் போலீசாருடன் நடந்த மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார்; கைதுகள் தொடர்ந்தன; இயக்கம் ஒடுக்கப்பட்டது.

இவ்வியக்கத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. குடித்தவர்களை அவமானப்படுத்தித் தண்டித்ததை இன்றைய பொதுச் சுகாதாரம் ஏற்காது. பிற்காலத்தில் கள்ளுக்கடைகள் குறைந்த இடங்களில் மலிவான சம்சு சாராயம் புகுந்து இன்னும் பெரிய கேட்டை விளைவித்ததையும் மறந்துவிட முடியாது. ஒரு வாசலை அடைத்தால் குடி இன்னொரு வாசல் வழியாக வரும் என்பதை அத்தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. ஆனால் எது நம் நோய் என்று முடிவு செய்ததும், அதற்கு என்ன செய்வது என்று தீர்மானித்ததும் தோட்டத்து மக்கள்தாம். பின்னால் வந்த எத்தனையோ திட்டங்களில் இல்லாதது அது.

இன்றைய சிக்கல், அந்த மக்கள் அந்த இடத்தில் இல்லை என்பதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. லயங்களில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வாழ்கிறார்கள். நம்மவர்கள் சுங்கைப்பட்டாணியைச் சுற்றியுள்ள தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் சிதறிவிட்டார்கள். இரண்டு பேர் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாமல் போகலாம். சமூகம் சார்ந்த திட்டம் என்று சொல்லும்போது எந்தச் சமூகம் என்ற கேள்விக்கு லயத்துக் காலத்தில் எளிய விடை இருந்தது. இப்போது அதன் துண்டுகள் கோயிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் முடிதிருத்தும் கடையிலும் இறப்பு வீட்டிலும்தான் ஒன்றுகூடுகின்றன.

இனி, இத்திட்டங்களின் பயனை எப்படி அளப்பது? முகாமில் 170 இருந்த அழுத்தம் மூன்று மாதம் கழித்து 150 ஆகிவிட்டது என்றால் திட்டம் வென்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் ஒருவரின் அழுத்தம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. ஏறியிருந்த நாளில் பிடிபட்டவர்களை மட்டும் மறுபடி அளந்தால், எதுவும் செய்யாமலேயே சராசரி சற்று இறங்கித்தான் இருக்கும். அடுத்து, முகாமுக்குத் தாமாக வருபவர்கள் பெரும்பாலும் உடம்பின் மீது ஏற்கெனவே அக்கறை கொண்டவர்கள். காலையில் நடைப்பயிற்சி போகும் ஓய்வுபெற்ற ஆசிரியை வருவார், லாரி ஓட்டும் அவர் தம்பி வரமாட்டார். மூன்றாவதாக, நாடு முழுவதுமே மாறிக்கொண்டிருக்கலாம். ஆகவே திட்டம் நடந்த ஊரையும் நடக்காத ஊரையும் ஒப்பிடாமல் எதுவும் சொல்ல இயலாது.

இந்த மூன்றாவது தடையில் பெரிய திட்டங்களே இடறியிருக்கின்றன. பின்லாந்தின் வட கரேலியா மாநிலத்தில், மாரடைப்பு மரணங்களைக் கண்டு அஞ்சிய மக்களே 1971இல் அரசுக்கு மனுக் கொடுத்து, 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. பின்வந்த பல பத்தாண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்தது. இல்லத்தரசிகளின் சங்கம் சமையலை மாற்றியது; பால் பண்ணைகளும் இறைச்சி ஆலைகளும் கொழுப்பையும் உப்பையும் குறைத்தன. மறுபுறம், 1980களில் அமெரிக்காவின் மினசோட்டாப் பகுதியில் மூன்று ஊர்களில் பெரும் பொருட்செலவில் நடந்த இதயநலத் திட்டத்தின் முடிவுகளை, திட்டம் நடக்காத மூன்று ஊர்களோடு ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை. திட்டம் இல்லாத ஊர்களும் தாமாகவே முன்னேறியிருந்தன. வட கரேலியாவின் வெற்றியிலும் எவ்வளவு பங்கு திட்டத்துக்கு, எவ்வளவு பங்கு பின்லாந்து முழுவதும் நிகழ்ந்த மாற்றத்துக்கு என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

பரிசோதனை மட்டும் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடைத்திருக்கிறது. பொதுவான உடல்நலப் பரிசோதனைகளைப் பற்றிய 17 சோதனைகளைத் தொகுத்து 2019இல் மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, இரண்டரை லட்சம் பேரின் விவரங்களைப் பார்த்தபின், அத்தகைய பரிசோதனைகள் மரண எண்ணிக்கையைக் குறைப்பதாகச் சான்று இல்லை என்று முடித்தது. அச்சோதனைகள் நடந்தவை ஏற்கெனவே குடும்ப மருத்துவர் வசதியுள்ள நாடுகள். நம் நிலையை அப்படியே அவற்றோடு பொருத்திவிட முடியாது. ஆயினும், அளப்பது மட்டுமே மருத்துவம் ஆகிவிடாது என்று சொல்ல அது போதும்.

பழக்க மாற்றத்தைப் பொறுத்தவரை நமக்கு மிக நெருக்கமான சான்றுகள் சென்னையிலும் கேரளத்திலும் இருக்கின்றன. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு சென்னையில் நடந்து 2006இல் முடிவுகள் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் நடையும் மட்டுமே நோய் தொடங்கும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைத்தது. அங்கே பங்கேற்பாளர்களைப் பயிற்சி பெற்றவர்கள் தொடர்ந்து தனித்தனியே கவனித்தார்கள். அதே பணியை ஊராரிடமே ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று கேரளத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைக் கொண்டு பார்த்தார்கள். குழுவில் ஒருவரே தலைவராக இருந்து ஓராண்டு கூட்டங்களை நடத்தினார். இரண்டு ஆண்டு முடிவில் குழுக்களில் இருந்தவர்களில் 14.9 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. புள்ளியியல் அளவுகோலின்படி இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். காய்கறி உண்பதும் மதுவைக் குறைப்பதும் ஓரளவு மேம்பட்டன. இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. ஆனால் வாராவாரம் யோகா வகுப்பு நடத்தி ஊரின் இனிப்பு நீரை ஒழித்துவிடலாம் என்று நம்புபவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மாறாக, மலேசியாவிலேயே நடந்த ஒரு சோதனை தெளிவான பயனைக் காட்டியது. ஹோப் 4 என்ற அந்த ஆய்வு மலேசியாவிலும் கொலம்பியாவிலும் 30 சமூகங்களில், ரத்த அழுத்தம் புதிதாகக் கண்டறியப்பட்ட அல்லது கட்டுக்குள் இல்லாத 1,371 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியானது. அதன் அமைப்பைக் கூர்ந்து கவனிப்பது பயனுள்ளது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் கையில் ஒரு டாப்லெட் கணினியுடன் மக்களைச் சந்தித்து, அதிலுள்ள எளிய நெறிமுறையின்படி அளந்து, ஆலோசனை சொன்னார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் அழுத்தத்துக்கான மருந்துகளும் கொழுப்பைக் குறைக்கும் மருந்தும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. இவற்றோடு, ஒவ்வொருவரும் தம் குடும்பத்தாரிலோ நண்பர்களிலோ ஒருவரைத் துணையாளராகத் தேர்ந்துகொண்டார்கள்; மருந்து எடுத்தாயா, அடுத்த சந்திப்புக்குப் போகிறாயா என்று கேட்பது அவர் வேலை. ஓராண்டு முடிவில் இக்குழுவில் 69 விழுக்காட்டினரின் அழுத்தம் கட்டுக்குள் வந்திருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களிடம் அது 30 விழுக்காடு. அவர்களைவிட இக்குழுவினரின் மேல் அளவு சராசரியாக 11 புள்ளிகளுக்கும் கூடுதலாக இறங்கியது.

பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை ஆகிய நாடுகளின் கிராமப்புறங்களில் 2,645 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான இன்னொரு சோதனையும் ஏறக்குறைய இதே வழியில் சென்றது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப்போனார்கள். மற்றவர்களைவிட அழுத்தம் 5 புள்ளிகள் கூடுதலாகக் குறைந்தது. தனி மனிதருக்கு 5 புள்ளி சிறிது. ஒரு மாவட்டத்துக்கே 5 புள்ளி என்றால் பக்கவாத வார்டில் படுக்கைகள் காலியாகும்.

இதைப் படித்தவுடன், மலேசியாவில்தான் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மருத்துவரும் மருந்தும் கிடைக்கின்றனவே, இலவச மருந்து எப்படிப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். தோட்டப்புறத்தில் அந்த ஒரு வெள்ளி பெரும்பாலும் தடையன்று. அந்த ஒரு காலைதான் தடை. செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியின் சம்பளம் வெட்டிய குலையைப் பொறுத்தது. காலை வேளையைக் கிளினிக் நாற்காலியில் கழித்தால் அன்றைய கூலி போயிற்று. மோட்டார் சைக்கிள் மகனிடம் இருந்தால் தாய்க்குப் போக வழியில்லை. இவற்றைத் தாண்டிப் போய் மருந்து வாங்கிவந்தவரிடம், இந்த மாத்திரையைத் தொடர்ந்து தின்றால் கிட்னி போய்விடும் என்று கல்யாண வீட்டில் யாராவது சொல்லிவிடுவார். கட்டுப்படுத்தாத அழுத்தமும் சர்க்கரையுமே சிறுநீரகத்தைக் கெடுப்பவை என்று விளக்க, கிளினிக்கில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் போதா. அடுத்த வீட்டுக்காரருக்கு அந்த நேரம் உண்டு. துணையாளர் என்ற அந்த எளிய ஏற்பாடு வேலை செய்ததற்கு என் கணிப்பில் இதுவே காரணம்.

அரசாங்கத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2014 முதல் நாடெங்கும் விரிந்த கோஸ்பென் திட்டம், தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து அவர்கள் வழியாகவே எடை, அழுத்தம், சர்க்கரை பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. 2019இல் தொடங்கிய பெக்கா பி40, குறைந்த வருமானமுடைய 40 வயதுக்கு மேற்பட்டோர்க்குத் தனியார் கிளினிக்கிலும் இலவசப் பரிசோதனை அளிக்கிறது. சிகிச்சைக்கான போக்குவரத்துச் செலவுக்குக்கூட அதில் உதவி உண்டு. கருத்தளவில் இவை சரியானவை. ஆனால் கோஸ்பென் பெரிதும் ஊன்றி நிற்பது கெமாஸ் என்ற சமூக மேம்பாட்டுத் துறை, ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் குழு போன்ற அமைப்புகளின் மீது. அத்தகைய அமைப்பு உயிரோடு இருக்கும் கம்போங்கில் அது வேர்பிடிக்கும். தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்தவர்கள் நிறைந்த அடுக்குமாடியில் வேர்பிடிக்க மண் குறைவு. கோயில் நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமும் அந்த இடத்தை நிரப்ப முடியும். செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் கூப்பிடு தூரத்தில் இருப்பது இவ்வட்டாரத்துக்கு வாய்த்த கூடுதல் வசதி.

ஆண்களை எட்டுவது தனிச் சிக்கல். 2018இல் முடிவுகள் வெளியான ஒரு சோதனையில், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் கறுப்பின ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளும் கடைகளுக்கே மருந்தாளுநரை அனுப்பி அழுத்தத்துக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில் மேல் அளவு 27 புள்ளி குறைந்தது. கிளினிக்குக்குப் போகாதவர் முடிவெட்டாமல் இருப்பதில்லை. நம் ஊர்க் கடைகளில் ஒரு மணி நேரம் அரசியல் பேசிவிட்டுப் போகும் அண்ணன்மாரை எண்ணிப் பார்த்தால், இது அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்துவதாகத் தெரியவில்லை.

டிங்கியைப் பற்றியும் ஒரு சொல். 1,30,000க்கும் மேற்பட்டோர் டிங்கியால் பாதிக்கப்பட்ட 2019ஆம் ஆண்டிலும் நாம் நம்பியது புகையடிப்பையும் எப்போதாவது நடக்கும் கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணியையும்தான். நிகராகுவாவிலும் மெக்சிகோவிலும் நடந்து 2015இல் வெளியான ஒரு சோதனையில், அவரவர் வீட்டுத் தொட்டியில் நெளிந்த புழுக்களை அவரவர்க்கே காட்டி, என்ன செய்வது என்பதை அந்தந்தப் பகுதி மக்களிடமே விட்டார்கள். குழந்தைகளிடையே தொற்று ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. கொசு மருந்து அடித்துப் பெற்ற பயன் அல்ல இது.

எல்லாவற்றையும் பழக்க மாற்றத்தின் தலையில் கட்டுவதும் நியாயமன்று. 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் உணவுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை வந்தது. வாட்சனின் வாய்க்காலைப் போல இவையும் பெரும்பகுதி சுமையைத் தனி மனிதரின் தோளிலிருந்து இறக்குபவை. ஆனால் மாமாக் கடையில் கெட்டிப்பாலில் ஆற்றித் தரும் தே தாரிக்கை அந்த வரி தொடவில்லை. கோயில் அன்னதானத்தின் பாயசத்தைத் தொட எந்த அரசாலும் முடியாது. நிர்வாகக் குழுவால் முடியும்.

அடுத்த முகாமை நடத்தவிருப்பவர்கள் செய்யக்கூடிய மிகச் சிறிய மாற்றம் ஒன்று உண்டு. பதிவேட்டில் பெயர், வயது, அழுத்தம், சர்க்கரை என்ற கட்டங்களுக்குப் பின் இன்னும் மூன்று கட்டங்களை வரைய வேண்டும்: கிளினிக்குக்குப் போன தேதி, துணையாளரின் தொலைபேசி எண், ஆறாம் மாத அளவு. முகாம் முடிந்த அன்று அந்த மூன்றும் வெறுமையாகத்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து, கிளினிக் தேதி இன்னும் வெறுமையாக இருக்கும் வரிசைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, யார் எந்த வீட்டுக்குப் போவது என்று நான்கு பேர் உட்கார்ந்து பிரித்துக்கொள்ள வேண்டும். லயத்துக் காலத்தில் டிரெசர் அந்த வேலையைத் தோட்டத்து முதலாளிக்காகச் செய்தார்.